ஐஸ்லாந்துக் கடையில் எது பால், எது மோர், எது சீரகம்: புதிதாக வருபவர்களுக்கு

"ஐஸ்லாந்தில் எல்லாரும் நன்றாக ஆங்கிலம் பேசுவார்கள், மொழியைப் பற்றிக் கவலையே வேண்டாம்" என்று உங்களிடம் யாராவது சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். உண்மைதான், கல்லாவில் இருப்பவர் பேசுவார். ஆனால் பால் டப்பா பேசாது. மளிகைக் கடைக்குள் நுழைந்த முதல் நிமிடத்திலிருந்து மொழி உங்கள் பிரச்சினைதான், அதிலும் நம்மைப்போலக் கடுகு, சீரகம், தயிர் என்று தேடுகிறவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே. நான் திண்டாடிக் கற்றதை வரிசையாக எழுதி வைக்கிறேன், நீங்களாவது நேராகச் சமைக்கப் போங்கள்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மொழியில் சாப்பாட்டுச் சொற்கள் மூன்று வகை. ஆங்கிலத்திலிருந்து வந்து உடை மாற்றிக்கொண்டவை, பார்க்க ஆங்கிலம் மாதிரி இருந்து வேறு பொருளைக் குறிப்பவை, முழுக்கச் சொந்தச் சரக்கு. முதல் வகை காதுக்கு எளிது. மூன்றாவதைத் தெரியாது என்று நமக்கே தெரியும், அதனால் யாரையாவது கேட்டுவிடுவோம். காசையும் குழம்பையும் கெடுப்பது நடுவில் இருப்பதுதான். சொற்களை எல்லாம் காதில் விழுகிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

1. பெட்டி கட்டும்போதே யோசியுங்கள்

பயணி ஒருவர் வரியில்லாமல் 10 கிலோ வரை உணவுப் பொருள் கொண்டுவரலாம், மதிப்பு 25,000 குரோனாவை (ஐஸ்லாந்துப் பணம்) தாண்டக் கூடாது. இந்த வரம்புகள் அவ்வப்போது மாறும், கிளம்பும் வாரத்தில் சுங்கத்துறையின் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். வாங்கிய பில்லைக் கையோடு வைத்திருப்பது நல்லது. பெரிய கண்ணி எது என்றால், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவர முடியாது. அதாவது அம்மா கட்டிக் கொடுக்கும் நெய்யும் பால்கோவாவும் விமான நிலையத்தோடு போய்விடும். மசாலாப் பொடி, புளி, பெருங்காயம் இவற்றில் தொல்லை இல்லை. கறிவேப்பிலையைக் காயவைத்தே எடுத்து வாருங்கள், பச்சைச் செடிகொடிகளுக்குத் தனி விதிகள் உண்டு.

கடையில் சாமான் வாங்க எந்த ஆவணமும் தேவையில்லை, அட்டை இருந்தால் போதும். ஆனால் கென்னிதாலா என்கிற 10 இலக்க அடையாள எண் வரும்வரை வங்கிக் கணக்கு, தொழிற்சங்கம், மொழி வகுப்புக்கான உதவித்தொகை என எதுவும் நகராது. நம்மைப்போல ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு அது வசிப்பு அனுமதியோடு சேர்ந்து வரும். அதுவரை செலவுக்கு ஊர் அட்டை ஒன்று வேலை செய்கிறதா, அதன் ரகசிய எண் நினைவிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2. லேபிளைப் படிக்கச் சில எழுத்துகள்

ஆங்கிலப் 'பி' மாதிரி இருந்து, குச்சி மட்டும் மேலேயும் நீண்டிருந்தால் அது 'திங்க்' என்பதில் வரும் ஒலி. 'டி'யின் தலையில் குறுக்குக் கோடு போட்டிருந்தால் அது நமக்கு வெகு சுலபம், 'அது', 'இது' என்று சொல்லும்போது வரும் அதே த. 'ஏ'யும் 'ஈ'யும் ஒட்டிக்கொண்டிருந்தால் 'ஐ'. 'ஏ'யும் 'யு'வும் பக்கத்தில் நின்றால் 'ஓய்' மாதிரி, அதனால்தான் ரொட்டி 'ப்ரோய்த்', வெங்காயம் 'லோய்குர்'. 'எச்'சும் 'வி'யும் சேர்ந்தால் 'க்வ', கோதுமை மாவு 'க்வேய்த்தி'.

அழுத்தம் எப்போதும் முதல் அசையில். வெளியிலிருந்து வந்த சொல்லாக இருந்தாலும் அப்படித்தான். இந்த ஒன்றைச் சரியாகச் செய்தாலே பாதிப் பேர் உங்களோடு ஆங்கிலத்துக்குத் தாவ மாட்டார்கள்.

கைபேசியில் ஐஸ்லாந்திய விசைப்பலகையை முதல் நாளே போட்டுக்கொள்ளுங்கள். கேமராவைக் காட்டினால் மொழிபெயர்க்கும் செயலிகள் பரவாயில்லை, ஆனால் நீளமான கூட்டுச் சொற்களில் அடிக்கடி உளறும், அதை மட்டும் நம்பி ஒவ்வாமைப் பொருளை வாங்காதீர்கள்.

3. காதில் விழுந்தாலே புரிபவை

'பேய்கோன்' பன்றி பேக்கன். 'பொப்' பாப்கார்ன். 'ஸ்னாக்' நொறுக்குத் தீனி. 'ஸ்யெய்க்' மில்க்ஷேக். 'ஹம்பொர்காரி' என்னவென்று சொல்ல வேண்டாம். 'கோக்' நமக்குத் தெரிந்த அதே கோக். 'கொக்தெய்ல் சோசா' என்று பார்த்து மது என்று நினைக்காதீர்கள், மயோனைஸும் தக்காளி சாஸும் கலந்த இளஞ்சிவப்பு சாஸ் அது, உருளை வறுவலோடு வரும். 'சோப்பா' என்பது ஆங்கில ஷாப்பிலிருந்து வந்தது, ஆனால் எல்லாக் கடையையும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மிட்டாய், பர்கர், குளிர்பானம் விற்கும் பெட்டிக்கடைக்கு மட்டும்தான் அந்தப் பெயர்.

இங்கே வேர்ச்சொல் தேடிச் சொந்தச் சொல் உருவாக்கும் பழக்கம் நம் தனித்தமிழ்க்காரர்களையே மிஞ்சும். சில ஜெயித்துவிட்டன: சாண்ட்விச்சுக்கு 'சம்லோகா' என்பதைத் தவிர வேறு எதுவும் எடுபடாது. சில நம் குளம்பி மாதிரி அகராதியில் உட்கார்ந்திருக்கின்றன, பீட்சாவுக்கு 'ஃப்லாத்பாகா' என்று ஒரு சொல் இருக்கிறது, யாரும் அதைச் சொல்லி ஆர்டர் செய்து நான் கேட்டதில்லை, எல்லாருக்கும் அது 'பீத்சா'தான். புதியவர்களுக்கு இதிலிருந்து ஒரு வழி: சொல் தெரியாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே முதல் அசையில் அழுத்திச் சொல்லிப் பாருங்கள், ஆள் முகத்தில் தெரிந்துவிடும்.

'ஸ்தேய்க்' என்றால் வறுத்த இறைச்சித் துண்டு. ஆங்கிலத்திலிருந்து வந்தது என்று நினைப்போம், உண்மையில் போக்கு தலைகீழ், ஆங்கிலம்தான் பழைய நோர்ஸிலிருந்து வாங்கியது. முட்டையும் அப்படியே, ஆங்கிலத்தின் 'எக்' இந்தப் பக்கத்திலிருந்து போனது.

4. பார்த்து ஏமாறும் சொற்கள், இங்கேதான் நிதானம் வேண்டும்

முதலில் சீரகம். 'கூமென்' என்று எழுதிய சிறு பாட்டில் மசாலா அடுக்கில் இருக்கும், பார்த்தால் சீரகம் மாதிரியே இருக்கும், வாங்கிவிடுவீர்கள். அது கேரவே என்ற வேறு விதை, இங்கே ரொட்டியிலும் பாலாடைக்கட்டியிலும் போடுவது. ரசத்தில் போட்டால் ரசம் ரசமாக இருக்காது. நமக்கு வேண்டியது 'ப்ரொட்கூமென்' அல்லது 'கூமீன்', சில பாட்டில்களில் ஆங்கிலத்திலேயே இருக்கும். ஆசியக் கடைகளில் ஒரு பெரிய பொட்டலம் வாங்கினால் இந்தத் தலைவலியும் இல்லை, விலையும் குறைவு.

'பாப்ரிகா' என்றால் காய்கறிப் பகுதியில் குடைமிளகாய். மசாலா அடுக்கில் அதன் பொடி. நல்ல சிவப்பாக இருக்கிறதே என்று மிளகாய்த்தூளுக்குப் பதில் எடுக்காதீர்கள், நிறம் மட்டும்தான் வரும். 'கார்ரி' நம் 'கறி' ஊர் சுற்றி ஆங்கிலம் வழியாக வந்து சேர்ந்த வடிவம். இங்கே அது மஞ்சள் நிறப் பொடி ஒன்று, அவ்வளவுதான். வெங்காய மீன் ஊறலில்கூட அதைப் போடுவார்கள்.

'கோஸ்' என்று எழுதியிருந்தால் பொரியலுக்குக் கூடையைத் தூக்காதீர்கள், அது சோடா, குளிர்பானம். முட்டைகோஸ் 'க்வீத்கௌல்'. 'ஈஸ்' என்றால் ஐஸ்கிரீம், குடிக்கும் தண்ணீருக்கு ஐஸ் கட்டி வேண்டுமென்றால் 'க்லாகி'. 'கெக்ஸ்' ஆங்கில 'கேக்ஸ்' என்பதிலிருந்து டேனிஷ் வழியாக வந்தது, ஆனால் பொருள் பிஸ்கட். கேக்குக்குச் சொல் 'காகா'. 'சுல்தா' ஆங்கில 'சால்ட்' மாதிரி ஒலிக்கும், ஆனால் அது ஜாம். சமையல் சோடா 'மாதர்சோதி', ஏதோ மகளிர் மாத இதழ் பெயர் போல இருப்பதால் மறக்கவே மறக்காது. பேக்கிங் பவுடர் வேறு, அது 'லிஃப்திதுஃப்த்'.

பழச்சாறில் ஒரு நுணுக்கம். பேச்சில் எல்லாம் 'ஜூஸ்' என்பதன் உள்ளூர் வடிவமான 'டியூஸ்'. டப்பாவில் 'சாவி' என்று முடிந்தால்தான் சாறு. 'த்ரிக்கூர்' என்று முடிந்தால் சர்க்கரைத் தண்ணீரில் கொஞ்சம் சாறு. 'திக்னி' என்று இருந்தால் நீர் சேர்த்துக் கலக்கிக் குடிக்கும் அடர்சாறு, அப்படியே குடித்தால் பல் கூசும்.

இப்போது பால். டப்பாக்கள் ஒரே உயரம், ஒரே அடுக்கு, பெரும்பாலானவற்றில் 'ம்யோல்க்' என்ற ஈறு. 'நீம்யோல்க்' முழுக் கொழுப்புள்ள சாதாரணப் பால், காபிக்கு இதுதான். 'லியெத்ம்யோல்க்' கொழுப்பு குறைத்தது. 'உந்தன்ரென்னா' கொழுப்பே எடுத்தது. 'சூர்ம்யோல்க்' புளித்த பால், அதைக் காபியில் ஊற்றினால் திரிந்து நிற்கும். ஆனால் மோர்க்குழம்புக்கு என்னைக் கேட்டால் அதைப்போல வேறு எதுவும் இல்லை. தயிருக்கு 'ஹ்ரெய்ன்' என்ற முன்சொல்லைத் தேடுங்கள், சுத்தமானது என்று பொருள், அதாவது பழமோ சர்க்கரையோ சேர்க்காதது. ஸ்கிர் என்ற கெட்டித் தயிர் போன்றதை வாங்கும்போதும் அதே. அவசரத்தில் எடுத்தால் வனிலா மணக்கும் தயிர்சாதம் சாப்பிட வேண்டியதுதான்.

தண்ணீர் பாட்டில் வாங்கவே வாங்காதீர்கள். குழாயின் குளிர்நீர் அருமை, இலவசம். கடையில் கிடைக்கும் பாட்டில் பாதி வாயு ஏற்றியது, 'சோதாவாத்ன்' என்று போட்டிருக்கும். ரெய்க்யவிக்கில் வெந்நீர்க் குழாயில் வருவதில் அழுகிய முட்டை வாடை அடிக்கும், புவிவெப்ப நீர் அது, குளிக்க நல்லது, தேநீருக்குக் குளிர்நீரைப் பிடித்துக் கொதிக்கவையுங்கள்.

அரிசி 'ஹ்ரீஸ்க்ர்யோன்'. அதிலும் 'க்ரோய்தார்' என்று முன்னால் வந்தால் பாயசம் மாதிரி ஒன்று காய்ச்சும் குட்டை அரிசி, சாதம் குழைந்துவிடும். பாஸ்மதி என்று போட்டதைப் பாருங்கள், பெயர் மாறவில்லை.

5. இறைச்சி

இறைச்சி 'க்யோத்'. 'லம்பா' ஆட்டுக்குட்டி, 'நோய்தா' மாடு, 'ஸ்வீனா' பன்றி, கோழி 'க்யூக்லிங்குர்'. கொத்துக்கறி 'ஹாக்', முன்னால் எந்த விலங்கு என்று பார்க்காமல் எடுக்காதீர்கள். மாட்டிறைச்சி போலவே சிவப்பாக, விலை மட்டும் இறங்கி இருக்கும் பொட்டலத்தில் 'ஃபோலால்தா' என்று இருந்தால் அது குதிரைக்குட்டி. இங்கே சாதாரணமாகச் சாப்பிடுவார்கள். தெரிந்து வாங்கினால் சரி.

ஹாட்டாக் இங்கே 'பில்சா', பலர் 'புல்சா' என்பார்கள். ஆட்டிறைச்சிதான் அதிகம் என்று பெருமையாகச் சொல்வார்கள், ஆனால் பன்றியும் மாடும் கலந்திருக்கும், அவற்றைத் தவிர்ப்பவர்கள் கவனிக்க.

சைவர்களுக்கு: 'க்ரைன்மெதி' காய்கறி, நீங்கள் 'க்ரைன்மெதிஸைதா'. 'வேகன்' என்றாலும் எல்லாருக்கும் புரியும், டப்பாக்களில் அதுதான் இருக்கும். மிட்டாயிலும் இனிப்பு வகைகளிலும் 'மாதர்லீம்' அல்லது 'கெலாதீன்' இருக்கிறதா பாருங்கள், இரண்டும் ஜெலட்டின்.

அசைவர்களுக்கு ஒரு நல்ல சேதி. 'ஸ்வித்' என்றால் தீயில் வாட்டிய ஆட்டுத் தலை, உறைய வைத்துக் கிடைக்கும். உடன் வேலை செய்பவர்கள் வெளிநாட்டவரைப் பயமுறுத்த அதைக் காட்டுவார்கள். தலைக்கறி தின்று வளர்ந்தவரிடம் அந்த வேலை நடக்காது. ஈரல் 'லிவுர்'. செப்டம்பர், அக்டோபர் மாதங்கள்தான் ஆடு அறுக்கும் பருவம், ஈரல், இதயம் எல்லாம் புதிதாகக் கிடைப்பது அப்போதுதான், உறைபெட்டியில் இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

6. லேபிளில் கண் போக வேண்டிய இடம்

'இன்னிஹால்த்' என்ற தலைப்புக்குக் கீழே சேர்மானப் பட்டியல். ஒவ்வாமை தரும் பொருட்கள் தடித்த எழுத்தில் இருக்கும். 'பெஸ்த் ஃபிரிர்' ஆங்கிலம் போலவே, அந்தத் தேதிக்குப் பிறகும் முகர்ந்து பார்த்துச் சாப்பிடலாம். 'சீதாஸ்தி நோத்குனார்தாகுர்' என்றிருந்தால் அது கடைசி நாள், அதோடு விளையாட வேண்டாம். 'கெய்மிஸ்த் ஈ கைலி' என்பதைப் பார்த்துச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், லுங்கியில் சுற்றி வைக்கச் சொல்லவில்லை, குளிர்சாதனப் பெட்டியில் வை என்கிறது.

சொல்லின் வால் மாறிக்கொண்டே இருக்கும். பீத்சா பீத்சு ஆகும், ஹம்பொர்காரி ஹம்பொர்காரா ஆகும். நம் 'மரம், மரத்தை, மரத்துக்கு' மாதிரிதான், அதனால் நமக்கு இது அதிர்ச்சியாக இருக்கக் கூடாது. அகராதியில் கிடைக்காவிட்டால் வாலை வெட்டித் தேடுங்கள். ஆர்னி மாக்னுசன் நிறுவனம் நடத்தும் 'பின்' என்ற இலவச இணையத் தளத்தில் எந்த வடிவத்தைப் போட்டாலும் மூலச் சொல் வரும்.

7. கேட்டு வாங்குவது

'யெக் ஐத்லா அத் ஃபௌ' என்று ஆரம்பித்து வேண்டியதைச் சொல்லுங்கள், முடிவில் 'தாக்'. ஹாட்டாக் கடையில் 'எய்னா மெத் ஒத்லு' என்றால் எல்லாம் போட்டு ஒன்று: தக்காளி சாஸ், கடுகு, ரெமுலாதி (மயோனைஸ் சேர்த்த ஒரு சாஸ்), பச்சை வெங்காயம், வறுத்த வெங்காயம். கல்லாவில் வேகமாக ஏதாவது கேட்டால் பெரும்பாலும் பை வேண்டுமா, ரசீது வேண்டுமா என்பதுதான். பைக்குக் காசு, வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.

உணவகத்தில் டிப்ஸ் வழக்கம் இல்லை. போட்டிருக்கும் விலையில் வரி அடக்கம், உணவுக்கு 11 சதவீதம், மற்ற பெரும்பாலானவற்றுக்கு 24. மதிய நேரத்தில் 'ரியெத்தூர் தாக்ஸின்ஸ்' என்று பலகை இருந்தால் அன்றைய சாப்பாடு, அதுவே இரவில் பட்டியலிலிருந்து கேட்பதைவிடக் கணிசமாக மலிவு. சூப்புக்கும் காபிக்கும் பல இடங்களில் 'ஆவ்போத்' உண்டு, மறுமுறை இலவசம், கூச்சப்படாமல் கேளுங்கள்.

8. மது வாங்கும் சங்கதி

மளிகைக் கடையில் பீர் அடுக்கு இருக்கும், எடுத்து வந்து குடித்தால் ஒன்றும் நடக்காது. அங்கே விற்பது 2.25 சதவீதத்துக்குள். அதற்கு மேல் என்றால் அரசு நடத்தும் 'வீன்பூதின்' போக வேண்டும். வயது 20 ஆகியிருக்க வேண்டும், 18 போதாது, இளமையாகத் தெரிபவர்கள் பாஸ்போர்ட்டையோ வசிப்பு அட்டையையோ கொண்டுபோவது நல்லது. ஞாயிறு மூடல். சனிக்கிழமை சீக்கிரம் மூடும், சிறு ஊர்களில் வாரநாளிலும் சில மணி நேரம்தான் திறந்திருக்கும். பீர் 'ப்யோர்'. 'ஓல்' என்று போட்டிருப்பதில் பெரும்பாலும் இனிப்பு மால்ட் பானம்தான், கிறிஸ்துமஸ் சமயத்தில் அதை ஆரஞ்சு சோடாவோடு கலந்து குடும்பமே குடிக்கும்.

9. எங்கே, எப்போது

போனுஸ், க்ரோனன், நெத்தோ மூன்றும் பட்ஜெட்டுக்கு. இரவெல்லாம் திறந்திருக்கும் சிறு கடைகளில் அதே பால் கூடுதல் விலை. மலிவுக் கடைகள் சில காலையில் தாமதமாகத் திறக்கும், நேரம் பார்க்காமல் போய்க் கதவைத் தட்ட வேண்டாம். அடுக்கில் பெரிய எழுத்தில் இருக்கும் விலையைப் பார்க்காதீர்கள், கீழே சிறிதாக 'கீலோவெர்த்' என்று கிலோ கணக்கு இருக்கும், அதை ஒப்பிடுங்கள். 'தில்போத்' சலுகை. டிசம்பர் 24 மதியத்துக்கு மேல் ஊரே அடைத்துவிடும், மறுநாளும் திறக்காது, அதனால் 23ஆம் தேதியே காய்கறி வாங்கிவிடுங்கள். பாட்டிலையும் டின்னையும் எறியாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் 20 குரோனா போலத் திரும்பக் கிடைக்கும். மாதக் கடைசியில் ஒரு மூட்டை கொண்டுபோனால் பால் செலவு வந்துவிடும்.

10. மொழி வகுப்புக்குக் காசு திரும்ப வாங்குவது

ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகம் நடத்தும் 'ஐஸ்லாண்டிக் ஆன்லைன்' இலவசம், விமானம் ஏறும் முன்பே ஆரம்பிக்கலாம். நேர் வகுப்புக்குப் போனால் கட்டணத்தில் ஒரு பகுதியை உங்கள் தொழிற்சங்கம் திருப்பித் தரும், சம்பளச் சீட்டில் எந்தச் சங்கத்துக்குப் பிடித்தம் போகிறது என்று பாருங்கள். சில மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். பணம் கட்டிய ரசீதில் உங்கள் பெயரும் கென்னிதாலாவும் இருந்தாக வேண்டும், பள்ளியின் பெயரும் பாடப்பெயரும் தெளிவாக இருக்க வேண்டும். கணவரின் அட்டையில் கட்டி மனைவி படித்தால் ரசீது யார் பெயரில் வருகிறது என்று கட்டும்போதே கேளுங்கள், பிறகு மாற்றுவது இழுபறி.

11. ஃபாரோ தீவுகளுக்கும் போவதாக இருந்தால்

முதலில் விசா. ஃபாரோ டென்மார்க்கைச் சேர்ந்தது, ஆனாலும் ஷெங்கன் விசா அங்கே தானாகச் செல்லாது, டென்மார்க் தூதரகத்தில் விண்ணப்பிக்கும்போதே தனியாகக் கேட்க வேண்டும். கப்பலில் போகிறவர்கள் செய்தீஸ்ஃபியோர்தூரிலிருந்து தோர்ஷாவ்ன் போகும் நொர்ரோனாவைப் பிடிப்பார்கள், அது வாரத்துக்கு ஒருமுறைதான், அனுமதி வரும் முன் பயணச்சீட்டை எடுக்க வேண்டாம்.

மொழி ஐஸ்லாந்தியம் போலவே எழுதியிருக்கும், ஒலி வேறு. கோடு போட்ட 'டி' அங்கே பேசாது: ரொட்டி 'ப்ரெய்'. இறைச்சி 'ச்சோத்'. 'ஓல்' அங்கே உண்மையான பீர், வாங்க 18 வயது போதும், ஆனால் வலுவானது அரசுக் கடையில்தான், அதுவும் ஞாயிறு கிடையாது. பொட்டலங்களில் பெரும்பாலும் டேனிஷ்தான் இருக்கும், ஆகவே கோழியை 'கூலிங்' என்று தேடுங்கள், ஃபாரோச் சொல் 'ஹோஸ்னருங்கி' பேச்சுக்கு. உணவுப் பட்டியலில் 'ராஸ்த்' என்ற சொல் எந்த இறைச்சிக்கு முன்னால் வந்தாலும் அது காற்றில் தொங்கவிட்டுப் புளிக்கவைத்தது, கருவாட்டு வாடை பழகியவர்களுக்கே முதல் வாய் கொஞ்சம் கனமாக இருக்கும், அரை அளவு கிடைக்குமா என்று கேட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.